குர்பான் தோல் போட்ட ட்ரம்

சூறாவளி அடித்த வருஷம் கல்முனையில் எங்கள் சேர்ச்சின் கூரை முழுவதும் போய்விட்டது. ஆர்மோனியம் ஊறி வீங்கிக் கிடந்தது. மிச்சம் நான் அடித்துவந்த ட்ரம் செட்தான். வெள்ளைக்காரப் போதகர் ஒருவர் விட்டுப்போன பழைய செட். பலகைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் காலால் மிதித்து அடிக்கிற பெரிய ட்ரம்மின் தோல் அழுகிக் கிழிந்துவிட்டது.

கிறிஸ்து பிறந்த நாளான நத்தார் நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் சபையில் வீடு இழந்தவர்கள் பாதிப்பேர். ஆர்மோனியமும் ட்ரம்மும் இல்லாமல் பாடினால் அது ஒப்பாரியாகத்தான் போகும். அந்த நத்தாரில் அவர்களை ஒப்பாரி பாட வைக்க எனக்கு விருப்பமில்லை.

பக்கீர்மார் தட்டிப் பாடுகிற ரபானுக்குத் தோல் கட்டிக் கொடுக்கிற முஸ்லிம் பெரியவர் ஒருவர் கல்முனைக்குடியில் இருந்தார்; காக்கா என்றுதான் கூப்பிடுவோம். ஹஜ்ஜுப் பெருநாளில் அறுத்த கிடாயின் தோலை உப்புப் போட்டு வைத்திருந்தார்.

"குர்பான் தோல் தம்பி. உங்கட ஆக்கள் ஒண்டும் சொல்ல மாட்டாங்களா?"

"சத்தம் வந்தாக் காணும் காக்கா."

"இபுறாகிம் நபி குடுத்த குர்பான்ட நினைவுக்குத்தான் அறுக்கிற. நீங்க ஆபிரகாம் எண்டுவீங்க. ஆடு ஒண்டுதான்."

அவர் மனைவி குசினிக்குள் இருந்து சொன்னார்: "உசிரோட இரிக்கக்குள்ள கத்தினது காணாதாம். இனி சேர்ச்சிலயும் போய்க் கத்தப் போகுது."

தோலை ஊறவைத்து, ஈரத்தோடு வளையத்தில் மடித்துச் சொருகி, காயவிட்டு இறுக்கினோம். நல்ல கனத்த சத்தம்.

கதை பரவிவிட்டது. சபைச் செயலாளர் என்னிடம் வந்தார். ஐந்தாம் வகுப்புவரை எனக்குப் படிப்பித்த மாஸ்டர் அவர். அதோடு என் படிப்பும் முடிந்தது. அவர் முன்னால் எனக்கு வாய் திறக்காது.

"வேற மார்க்கத்தில பலி குடுத்த தோலாமே. அது சேர்ச்சுக்குள்ள வரப்படாது."

கூரை இல்லாத கட்டடத்தில் உள்ளே எது, வெளியே எது என்று கேட்டிருக்கலாம். ஆபிரகாமைச் சொல்லியிருக்கலாம்.

நத்தார் காலையில் எல்லோருக்கும் முந்திப் போய் ட்ரம்மை அதன் இடத்தில் வைத்து உட்கார்ந்தேன். மாஸ்டர் பக்கத்தில் வந்து நின்றார்.

"வெளிய கொண்டு போ."

பாட்டுத் தொடங்கியது. மிதித்தேன். இழுபட்டுக்கொண்டிருந்த குரல்கள் அந்த அடிக்குள் வந்து சேர்ந்தன. மாஸ்டர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் தன் வாங்குக்குப் போனார். அவர் பாடினாரா என்று நான் பார்க்கவில்லை.

ஆராதனை முடிந்ததும் திரும்ப வந்தார். "அடுத்த கிழமைக்குள்ள அதைக் கழட்டு."

"தோலைக் கழட்டினா நானும் கழண்டுருவன், மாஸ்டர்."

ட்ரம் அடிக்க வேறு ஆள் இல்லை. தோல் அப்படியே இருந்தது.

சில வருஷம் போக எங்கள் ஊர்களுக்குள் தமிழ், முஸ்லிம் பிரச்சினை வந்தது. இரண்டு பக்கமும் எரிந்தது. கல்முனைக்குடிக்குப் போய்க் காக்காவைப் பார்க்கவும் வழியில்லை. அப்போது பலியைப் பற்றி யாரும் கதைக்கவில்லை. பாடற்குழுப் பெடியன் ஒருவன்தான் கேட்டான்.

"அவங்கட தோல் இன்னும் என்னத்துக்கண்ணே? கொழும்பில பிளாஸ்டிக் தோல் எடுக்கலாமே."

சுற்றி நின்றவர்கள் ஓம் ஓம் என்றார்கள். மாஸ்டரும் நின்றார்.

"எடுங்க. எடுத்திட்டு நீங்களே அடியுங்க" என்றேன்.

ஒருவரும் எடுக்கவில்லை. அந்த ஞாயிறு வழமையைவிடப் பலமாக மிதித்தேன். கல்முனைக்குடி வரைக்கும் கேட்கட்டும் என்றுதான் மிதித்தேன்.