டிஜே தாஸும் சம்பந்தி பந்தியும்

ஞானதாஸைத் தூரத்தில் பார்த்தாலே சந்துக்குள் திரும்பிவிடுகிறவர்கள் திண்டுக்கல்லில் நிறையப் பேர். ஆள் கெட்டவரில்லை, இன்சூரன்ஸ் ஏஜென்ட். பேச ஆரம்பித்துவிட்டால், எதிரில் நிற்பவர் "என் பஸ் வந்துருச்சுண்ணே" என்று கெஞ்சுவதுகூட அவர் காதில் ஏறாது. அப்படிப்பட்டவர் ஒரு கல்யாணத்தில் டிஜே ஒருவனைப் பார்த்தார். பையன் வாயே திறக்கவில்லை. கையை மட்டும் தூக்கினான், மண்டபமே கையைத் தூக்கியது. இத்தனை வருடம் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசியும் தனக்கு ஒருவர்கூடக் கை தூக்கியதில்லை என்பது ஞானதாஸுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. நாற்பத்தாறு வயதில் ஆசை வந்துவிட்டது.

முதலில் 'டிஜே தாஸ்' என்று போட்ட டி-ஷர்ட் வந்தது. மெஷின் அதற்கப்புறம்தான் வந்தது.

கற்றுக்கொடுத்தவர் பழனிக்குமார், ஒட்டன்சத்திரத்துக்காரர். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தார். முதல் நாளே சொல்லிவிட்டார்: "ஏனுங்க, ஹெட்போன ஒரு காதுல மட்டும் வைங்க. அதுல அடுத்த பாட்டக் கேட்டுக்கலாம். இன்னொரு காது சனத்துக்குங்க. அவங்க மொகத்தப் பாக்காம பாட்டு மாத்தவே கூடாதுங்க." ஞானதாஸ் பலமாகத் தலையாட்டினார். மற்றவர் பேசும்போது தலையாட்டிக்கொண்டே, அடுத்துத் தான் என்ன பேசலாம் என்று யோசிப்பது அவருடைய தொழில் பழக்கம்.

வீட்டுப் பயிற்சியில் ஹெட்போன் இரண்டு காதையும் கெட்டியாக மூடியது. மனைவி நான்சி, "சோத்துக்கு வெஞ்சனம் என்ன வெக்க?" என்று கேட்டால் "ம்" என்பார். "கேஸ் தீரப் போகுது" என்றாலும் "ம்" தான். "எங்கம்மாவுக்கு முடியல, ஊருக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போய், மறுநாள் சாயங்காலம் திரும்பி வந்தவளிடம், "கடைக்கா போயிருந்த?" என்று கேட்டார்.

இவ்வளவுக்கும் பிறகும் அந்த மனுஷனுக்காகச் சிபாரிசுக்குப் போனவள் நான்சிதான். அவளுடைய அக்கா அமலராணியின் மகளுக்குக் கல்யாணம். பேசி வைத்திருந்த பேண்டு வாத்தியத்தை வேண்டாமென்று சொல்ல வைத்தாள்.

"மாப்பிள்ள வீடு நத்தம்டீ. மரியாதைல கடுகளவு கொறஞ்சாலும் எந்திரிச்சுப் போயிருவாங்க" என்று அமலராணி இழுத்தாள்.

"அவரு ஆசப்படுறாருக்கா. ஏதாவது ஏடாகூடமாச்சுன்னா நான் இனி உன் வாசப்படி மிதிக்கல" என்றாள் நான்சி. பெற்றவர்களையும் அக்காதான் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் படியை மிதிக்காவிட்டால் நான்சிக்குப் பிறந்த வீடே இல்லை.

கோயிலில் திருப்பலி முடிந்து எல்லோரும் மண்டபத்துக்கு வந்தார்கள். ஞானதாஸின் மெஷினைச் சாப்பாட்டுக் கூடத்தின் கதவை ஒட்டிப் போட்டிருந்தார்கள். அவர் பாட்டை ஆரம்பித்ததும் கூட்டம் அவர் முன்னால் வந்து மொய்த்தது. கழுத்தை நீட்டிக்கொண்டு, கண்ணை எடுக்காமல் நின்றார்கள். அவருக்குப் புல்லரித்தது. உள்ளே பிரியாணி தம் உடைத்திருந்ததும், கூட்டத்தின் கண் கதவின்மேல் இருந்ததும் அவருக்குத் தெரியாது. கதவு திறந்தால் பாதிப் பேர் காணாமல் போய்ப் புதுசாகப் பாதிப் பேர் வந்து நின்றார்கள். ரசிகர்கள் பெருந்தன்மையாக ஒருவருக்கொருவர் இடம் விடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

முதல் வரிசையில் மாப்பிள்ளையின் அப்பா சூசைமாணிக்கம் தன் ஆட்களோடு உட்கார்ந்திருந்தார். நத்தத்தில் மாந்தோப்பு வைத்திருக்கிறவர். பெண் வீட்டார் நேரில் வந்து வாயாரக் கூப்பிடாமல் சம்பந்தி வீட்டார் பந்தியில் உட்கார மாட்டார்கள். அமலராணி வந்து கைகூப்பிக் கூப்பிடத்தான் செய்தாள். ஸ்பீக்கர் போட்ட போடில் ஒரு எழுத்தும் கேட்கவில்லை. சூசைமாணிக்கம் மெஷினைக் காட்டிக் கையைக் கீழே கீழே அழுத்தினார். 'பேஸ்' அடிச்சத்தம் போதவில்லை என்கிறார் போலும் என்று ஞானதாஸ் அதைக் கூட்டிவைத்தார். வேறு வழியில்லாமல் அமலராணி விரல்களைக் குவித்து வாய்க்கு நேரே கொண்டுபோய், சாப்பிட வாங்க என்று சைகை காட்டினாள்.

வாசலில் நிற்கிற பிச்சைக்காரனைக் கூப்பிடுகிற சைகை தனக்கா என்று சூசைமாணிக்கம் எழுந்துவிட்டார். அவர் எழுந்ததும் நத்தமே எழுந்தது. முதல் வரிசை மொத்தமும் எழுந்து நிற்பதைப் பார்த்த டிஜே தாஸ், தன் வாழ்நாள் கனவு பலித்ததாக எண்ணிக் கையைத் தூக்கினார்.

யாரும் கையைத் தூக்கவில்லை. எல்லோரும் வாசலைப் பார்த்து நடந்தார்கள். அவர்களை மறித்துக்கொண்டு ஒருத்தி மட்டும் கைகூப்பி நின்றாள். நான்சி. கண்ணில் நீர் வழிய, வாய் ஓயாமல் எதையோ சொல்லிக்கொண்டிருந்தது. சத்தமில்லாமல் அந்த வாய் அசைவதை மாதக்கணக்காக வீட்டில் பார்த்துப் பழகியவர்தான் அவர். இன்றைக்கு மட்டும் அவள் என்ன சொல்கிறாள் என்று தெரிந்தே ஆக வேண்டியிருந்தது. ஹெட்போனைக் கழற்றிப் பாட்டை நிறுத்தினார்.

"எங்க வீட்டுக்காரருக்குக் காது கேக்காதுண்ணே, மனசுல வெச்சுக்காதீங்க" என்ற நான்சியின் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது.

அமலராணி விரலைக் குவித்ததும் சம்பந்தி கையை அழுத்தியதும் எதற்கென்று ஞானதாஸுக்கு அப்போதுதான் விளங்கியது. மைக்கை எடுத்தார். "சம்பந்தி, செத்த நேரம் நில்லுங்க. மதினி கூப்பிடத்தான் செஞ்சாங்க. என் சத்தத்துல கேக்கல, தப்பு எம்மேல. பொண்ணு வீட்டு சார்பாக் கூப்புடுறேன். நீங்களும் உங்க ஆளுக அம்புட்டுப் பேரும் சாப்பிட வரணும்." அத்தோடு வாயை மூடிக்கொண்டு சூசைமாணிக்கத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பதிலுக்குக் காத்திருப்பது அவருக்குப் புதுசு.

"இத மொதல்லயே செஞ்சிருக்கலாம்ல" என்று சொல்லிவிட்டுச் சம்பந்தி மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டுப் பந்திக்குத் திரும்பினார்.

சாப்பாடு முடிந்ததும் கன்னிவாடிக்காரர் ஒருவர் வந்து, அடுத்த மாதம் தன் வீட்டு விசேஷத்துக்கு வரச் சொன்னார். ஞானதாஸ் முகம் மலர்ந்து, என்ன மாதிரிப் பாட்டு வேண்டும் என்று கேட்டார்.

"பாட்டுக்கு வேற ஆள் சொல்லியாச்சு. நீங்க பந்திக்குக் கூப்பிட மட்டும் வந்தாப் போதும்."

வீடு திரும்பும்வரை அவருக்கு மனசு ஆறவில்லை. கதவைத் திறந்ததும் நான்சியிடம் கேட்டுவிட்டார்: "எனக்குக் காது கேக்காதுன்னு அம்புட்டுப் பேரு முன்னாடி பொய் சொல்லிட்டியே?"

"பொய்யின்னு யாரு சொன்னா?" என்றாள் நான்சி.

அவள் சமையலறைக்குள் போனாள். "கேஸ் தீந்துருச்சு" என்று குரல் வந்தது. ஞானதாஸ் வாய்வரை வந்த "ம்"மை விழுங்கிவிட்டு, சிலிண்டரைத் தூக்கப் போனார்.