பாசாகிக்கொண்டே இருந்த கார்

அத்தானின் சிவப்புக் காரில் எனக்குக் கிடைத்த இருக்கைக்கு முன்னால் ஸ்டியரிங் இல்லை. காலடியில் பிரேக்கும் இல்லை. ஜெர்மனியில் வாங்கி, குடும்பத்தோடு லண்டனுக்கு இடம்மாறியபோது அவரே ஓட்டிவந்த இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் அது. ஓட்டுபவர் இடப்பக்கம் இருப்பார். வலப்பக்கம் இருப்பவருக்கு எதிரே வரும் லொறிகளை முதலில் பார்க்கும் பாக்கியம் கிடைக்கும். அன்று காலை, லண்டனின் எட்மண்டனிலிருந்து வால்தம்ஸ்டோ வரை, இல்லாத பிரேக்கை நான் வலது காலால் மிதித்துக்கொண்டே போனேன்.

அத்தான் என் அக்காவின் கணவர். அவருடைய கார் ஒவ்வொரு வருடமும் எம்.ஓ.டி. என்ற தகுதிச் சோதனைக்குப் போகும்; போனால் பாசாகும். எங்களுடைய கார்கள் டயர், சஸ்பென்ஷன் என்று ஏதாவது ஒன்றில் விழுந்து, திருத்தி, மறுபடி போய்த்தான் தேறும். அவருடையது முதல் தடவையிலேயே தேறிவிடும். கலியாண வீடுகளில் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிச் சொல்வதற்கு முன் காரின் பெறுபேற்றைத்தான் சொல்வார். மழையில் எடுக்கமாட்டார், பனிக்காலத்தில் உப்புத் தூவிய வீதியில் இறக்கமாட்டார். சோதனைக்கு முதல்நாள் பின்வளவுச் சுவரோடு காரை நிறுத்தி, ஒவ்வொரு விளக்காகப் போட்டு, சுவரில் வெளிச்சம் விழுகிறதா என்று பார்ப்பார். அக்காவுக்கு ஒருநாளும் இவ்வளவு கவனிப்புக் கிடைக்கவில்லை என்று நாங்கள் பகிடி விடுவோம்.

பிறகு சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, அவருடைய கண்ணைப் பிடித்தது. அந்தக் காரில் முன்னால் போகும் வாகனத்தை முந்துவதென்றால், வலப்பக்கம் இருப்பவரிடம் "வருதோ?" என்று கேட்பது ஆரம்பத்திலிருந்தே வழக்கம். இடப்பக்கம் இருந்து பார்த்தால் எதிர்ப்பக்கம் தெரியாது என்பது எல்லோருக்கும் விளங்கக்கூடிய காரணம். அதனால் அவர் எப்போது உண்மையிலேயே தெரியாமல் கேட்கத் தொடங்கினார் என்பது கூடவே போய்வந்த அக்காவுக்கும் பிடிபடவில்லை. ஒரு நாள் நேர் முன்னால் நின்ற சிக்னலைக் காட்டி, "பச்சையோ?" என்று கேட்டாராம். அன்று அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து அழுதா.

இனி வாகனம் ஓடக்கூடாது என்று கண் டாக்டர் சொன்னார். அக்கா கெஞ்சினா, பிள்ளைகள் சண்டை பிடித்தார்கள். அவருடைய பதில் ஒன்றுதான். "கார் பாசாகுமட்டும் ஓடுவன். அது பெயிலானால் கார்த் திறப்பை உன்ரை கையிலை தாறன். பிறகு கதையில்லை." சொன்னால் சொன்னபடி நிற்கும் மனிதர். அவருக்குத் தெரியாமல் லைசென்ஸ் கந்தோருக்கு அறிவிக்கலாம் என்று நான் சொன்னபோது, கட்டிய மனிசனைக் காட்டிக்கொடுக்கச் சொல்கிறாயா என்று அக்கா என்மேல் பாய்ந்தா. எனக்கு இருவர் மேலும் ஆத்திரம் வந்தது. ஆக, எல்லோருமாக அந்தக் கார் பழுதாகும் நாளுக்காகக் காத்திருந்தோம். அந்த முறையும் அது பாசாகியது.

அடுத்த வருடம் சோதனைக்குக் கூடப் போகும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அக்கா வரமாட்டேன் என்றுவிட்டா. அத்தான் வழக்கப்படி நான்கு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்தார். உள்ளே சாமியறையில் அக்கா, கார் பெயிலானால் நூற்றெட்டுத் தேங்காய் உடைப்பதாகப் பிள்ளையாருக்கு நேர்ந்தா. "வாயைத் திறக்காமல் இரு, கண்ணை மட்டும் வீதியிலை வை" என்று என் காதுக்குள் சொன்னா. ஒரே காருக்கு ஒரே காலையில் இரண்டு விதமான விண்ணப்பம். பிள்ளையார் என்ன செய்வார் பாவம் என்று நினைத்துக்கொண்டு ஏறினேன்.

"பயப்பிடாதையும் மச்சாள்" என்றார் அத்தான். வெள்ளைக்கோட்டுக் கடவை ஒன்றில் ஒரு தாய் தள்ளுவண்டிலை இறக்கிக்கொண்டிருந்தாள். எனக்குத் தூரத்திலேயே தெரிந்தது. அவர் கால் அசையவில்லை.

"அத்தான், நிப்பாட்டுங்கோ."

கார் அந்த இடத்திலேயே நின்றது. தள்ளுவண்டிலுக்கும் எங்களுக்கும் இடையில் ஒரு ஆள் படுக்கிற இடம்கூட இல்லை. அந்தத் தாய் ஏதோ ஏசிவிட்டுப் போனாள். "பிரேக் நல்லாத்தான் பிடிக்குது" என்றார் அத்தான் மெதுவாக. அவரை இழுத்து வெளியே விடவேண்டும் போலிருந்தது எனக்கு. பின்னால் ஹோர்ன் அடிக்க, மறுபடி எடுத்தார்.

கராஜ் ரயில் பாலத்துக்குக் கீழே இருந்தது. காரைச் சோதிக்கும் தம்பி பிரான்சிலிருந்து வந்த எங்கள் தமிழ்ச் சனம்; வருடாவருடம் அத்தானின் கார் அவரிடம்தான் போகும். கார் மேலே உயர்ந்தது, இறங்கியது. நான் கண்ணாடிக்கு இந்தப்பக்கம் இருந்து, துருவோ எண்ணெய் ஒழுக்கோ ஏதாவது ஒன்றைக் காட்டு என்று வேண்டிக்கொண்டிருந்தேன். அத்தான் அருகில் அசையாமல் இருந்தார். அவர் பாசாகும் செய்திக்காகக் காத்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

தம்பி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "பாஸ், அண்ணை. பின்னாலை பிரேக் லைட் ஒண்டு எரியேல்லை. போனமுறையும் உதே பல்புதான். உங்கடை காரை உதுக்குப் போய்ப் பெயிலாக்க எனக்கு மனம் வருமே. சோதிக்க முன்னமே புதுசு போட்டுவிட்டன். காசு ஒண்டும் வேண்டாம்."

நன்றி சொல்வார் என்று தம்பி நின்றார். அத்தானின் முகம் விழுந்துவிட்டது.

"ஏன் தம்பி மாத்தினனீர்?" என்றார். "எரியாது எண்டு தெரிஞ்சுதான் அந்தப் பல்பைப் போட்டு வந்தனான். போனமுறையும் அப்பிடித்தான்."

தம்பிக்கு விளங்கவில்லை, என்னைப் பார்த்தார். எனக்கு விளங்கியது. தன் வாயால் விடுகிறேன் என்று சொல்ல முடியாத மனிதர், காரைக்கொண்டு அதைச் சொல்விக்கப் பார்த்திருக்கிறார். எங்கள் சனத்தின் மரியாதை இரண்டு முறையும் குறுக்கே வந்து நின்றிருக்கிறது. வழியெல்லாம் அவர்மேல் இருந்த ஆத்திரம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"எனக்குக் கண் தெரியுதில்லை, தம்பி" என்றார் அத்தான். அக்காவிடமும் பிள்ளைகளிடமும் ஒருநாளும் சொல்லாததை ஒரு கராஜில் நின்று சொன்னார். "கார் இஞ்சையே நிக்கட்டும். மகன் வந்து எடுப்பான்." திறப்பை என் கையில் வைத்தார்.

அந்தக் கார் இப்போது அவருடைய மகனிடம் இருக்கிறது. இன்னமும் பாசாகிறது. பெறுபேற்றை அத்தானுக்குப் போனில் சொல்வார்கள். அவர் "ம்" என்பார், வேறு கதைக்குப் போய்விடுவார். எனக்கு அந்த "ம்" கேட்கும்போதெல்லாம், அன்று நாங்கள் இருவரும் பஸ் தரிப்பில் நின்றதுதான் ஞாபகம் வரும். லண்டனில் இத்தனை வருடம் இருந்தும் அத்தான் பஸ்ஸுக்கு நின்று நான் பார்த்ததில்லை. நான் அவருடைய கையைப் பிடிக்கவில்லை. பிடித்தால் உதறுவார் என்று பயம். ஒரு பஸ் திருப்பத்தில் வந்தது. இலக்கம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஒன்றும் சொல்லாமல் நின்றேன். அவர் சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாறது என்ன பஸ், மச்சாள்?" என்று கேட்டார்.