ஞானம்மா வீட்டு நான்கு நாற்காலிகள்

போன வியாழக்கிழமை ஒரு வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பாதியில் கை அப்படியே நின்றுவிட்டது.

டீயில் குறையில்லை. ஏலக்காய் தட்டிப்போட்ட நல்ல டீ. வண்டன்மேட்டுப் பக்கம் அதற்கா பஞ்சம்? பிரச்னை கப்பில். நீலப் பூப்போட்ட கப். காதுப் பக்கம் சின்னதாக ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. இதே கப்பில் நான் ஏற்கெனவே ஒருமுறை குடித்திருக்கிறேன் — ஆனால் இந்த வீட்டில் இல்லை.

நிமிர்ந்து பார்த்தேன். மெரூன் கலரில் நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள். அவையும் தெரிந்த நாற்காலிகள்தான்.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன்.

எங்கள் சபை பெரிய சபை இல்லை. தமிழ்நாட்டிலிருந்து எல்லை தாண்டி ஏலத் தோட்ட வேலைக்கு வந்த குடும்பங்கள்தான் முக்கால்வாசி. இந்த மலையில் ஒரு விஷயம் வெளியூர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியாது. ஆயுசு முழுக்கத் தோட்டத்தில் உழைத்தாலும், குடியிருக்கும் லயத்து வரிசை வீடு தோட்டத்துக்குத்தான் சொந்தம். உடம்புக்கு முடியாமல் வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். எங்கே போவது? அதனால்தான் எங்கள் சபை வருஷத்துக்கு ஒரு வீடு கட்டிக் கொடுக்கிறது. எந்தச் சாமியைக் கும்பிடுகிறவராக இருந்தாலும் சரி, கேட்கலாம். ஆனால் ஒன்றே ஒன்றுதான் எங்களால் முடியும். கேட்பவர்கள் நிறையப் பேர்.

ஆரம்பத்தில் முணுமுணுப்பு வந்தது. பாஸ்டருக்கு வேண்டியவர்களுக்குத்தான் வீடு என்றார்கள். அப்போது நான் ஒரு யோசனை சொன்னேன். ரிட்டயர்டு டீச்சர் அல்லவா — படிவம் இல்லாமல் எனக்கு எதுவும் ஓடாது. வீடு வீடாகப் போவோம், கண்ணால் பார்ப்பதை மட்டும் எழுதுவோம் என்றேன். நாற்காலி எத்தனை? டி.வி. உண்டா? கட்டில் உண்டா? குறைவாக இருப்பவர்களுக்கே வீடு. படிவத்தை நானே டைப் செய்தேன். பாஸ்டர் பாராட்டினார். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது. இல்லை என்று சொன்னால் பொய்.

போன வருஷம் விண்ணப்பித்தவர்களில் ஒருவர் ஞானம்மா. எங்கள் சபைதான். கணவர் இல்லை. முழங்கால் போய்விட்டது, சரிவில் ஏறி ஏலக்காய் எடுக்க முடியாது. தோட்டத்தில் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஒரே மகள் ஜெயா. முப்பது வயதாகிறது, மனசு மட்டும் இன்னும் சின்னக் குழந்தை. அப்படிப்பட்டவர்களுக்காக ஆலயத்துக்குப் பின்னால் ஒரு பகல் காப்பகம் நடத்துகிறோம். காலையில் வேன் போய்க் கூட்டி வரும். அங்கே வந்த பிறகுதான் ஜெயா தன் சட்டைக்குத் தானே பட்டன் போடக் கற்றாள். பேப்பர் கவர் ஒட்டப் பழகினாள். நாலு பேரைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள். ஞானம்மா வீடு கேட்டதே அதற்காகத்தான். மகள் காப்பகத்துக்கு வந்து போகிற தூரத்தில் ஒரு கூரை வேண்டும், அவ்வளவுதான்.

நாங்கள் கமிட்டியாகப் பார்க்கப் போகும் நாளை முந்தின ஞாயிறே ஆராதனை முடிவில் அறிவித்துவிடுவோம். திடுதிப்பென்று போய் நிற்பது மரியாதை இல்லை என்று எங்கள் நினைப்பு.

போனோம். வாசல் சுவரில் கோலமாவு போல வெள்ளையாய்ச் சுண்ணாம்பு. உள்ளே நான்கு நாற்காலிகள். அலமாரியில் பூத்துணி விரித்து ஒரு டி.வி. தட்டில் மிக்சர், நீலப் பூக் கப்பில் டீ. ஜெயா புதுச் சுடிதாரில் உட்கார்ந்திருந்தாள்.

“கஷ்டம் ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க ஞானம்மா,” என்றேன்.

“கர்த்தர் ஒரு கொறையும் வைக்கல டீச்சர். நல்லா நடத்துறாரு.”

எழுதினேன். நாற்காலி — நான்கு. டி.வி. — உண்டு. குறை — எதுவும் தெரிவிக்கவில்லை. கீழே கையெழுத்துப் போட்டேன்.

அவரை எனக்கு முன்பே தெரியாதா? தெரியும். வருஷக்கணக்கில் ஞாயிறுதோறும் பார்க்கிறேன். சலவைப் புடவை, தலையில் முக்காடு, முகத்தில் சிரிப்பு. ஆனால் அன்றுவரை ஒருநாள்கூட அவர் வீட்டுக்குள் கால் வைத்ததில்லை.

வீடு வேறொரு குடும்பத்துக்குப் போனது. அவர்களுக்கும் தேவை இருந்தது, அதில் சந்தேகமில்லை. ஞானம்மா மகளைக் கூட்டிக்கொண்டு கம்பத்தில் அண்ணன் வீட்டுக்கு இறங்கிவிட்டார். வழியனுப்பு ஜெபம் செய்தோம். நான் ஒரு புடவைகூட வாங்கிக் கொடுத்தேன்.

இப்போது போன வியாழனுக்கு வருவோம். ஞானம்மா இருந்த அதே லயம். இந்த வருஷம் விண்ணப்பித்த பேச்சியம்மாள் வீடு. கப்பைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

“பேச்சியம்மா, இந்தக் கப்பு...?”

அவருக்குக் கொஞ்சம் வெட்கம். “மூணாம் நம்பர் வீட்டுக் கப்பு டீச்சர். சேரு அஞ்சாம் நம்பரு. கோயில்லருந்து பெரிய ஆளுக வரும்போது வெறும் பாய விரிச்சுப் போட்டா லயத்துக்கே கேவலம்லா? யார் வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும் இங்க அப்படித்தான்.”

“ஞானம்மா வீட்டுக்கு நாங்க வந்தப்பவும்...?”

“ஆமா டீச்சர். டி.வி.ய நாந்தான் தூக்கிட்டுப் போயி வச்சேன். ஓடாத டி.வி. நீங்க போடச் சொல்லிருவீகளோன்னு எங்களுக்கு ஒரே பயம்.” சொல்லிவிட்டுச் சிரித்தார். “அந்தச் சுடிதாரு எம் மக சுடிதாரு. ஜெயாக்கு எப்படி இருந்துச்சு பாத்தீகளா? ஏன் டீச்சர் கேக்கீக?”

சும்மா கேட்டேன் என்றேன். வேறு என்ன சொல்வது? நீ அன்போடு தூக்கிக்கொண்டு போன டி.வி.யால்தான் ஞானம்மாவுக்கு வீடு கிடைக்கவில்லை என்றா? அந்தப் பாரம் அவருக்கு எதற்கு... டீயைக் குடித்து முடித்தேன். அன்று படிவத்தைப் பையிலிருந்து எடுக்கவேயில்லை.

வரும் வழியெல்லாம் ஒரே யோசனை. வாரா வாரம் இவர்களுக்கு நாங்கள் என்ன சொல்லிக்கொடுக்கிறோம்? குறை சொல்லாதே, நன்றி சொல் என்கிறோம். கூட்டத்தில் எழுந்து சாட்சி சொல்கிறவர்கள், ‘ஒரு குறையும் இல்லை’ என்றுதான் தொடங்குகிறார்கள். நாங்களும் தலையாட்டுகிறோம். ஞானம்மா அதைத்தான் சொன்னார். அந்த வார்த்தையையே எழுதி அவர் வீட்டுக்குப் பூட்டுப் போட்டவள் நான். உதவி செய்யப் போகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு — இல்லாதவர்கள் இல்லாதவர்களைப் போலவே தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பது. வருகிறவருக்கு ஒரு நாற்காலி போட்டு உட்காரவைக்கும் ஆசை இல்லாதவர்களுக்கு இருக்கக் கூடாதா?

பாஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடுத்த வீட்டை ஞானம்மாவுக்குக் கொடுக்கலாமே என்றேன்.

“அவங்க இப்ப தமிழ்நாட்டுல இருக்காங்களே டீச்சர். நம்ம பகுதியில குடியிருக்கறவங்களுக்குத்தானே வீடு...”

அதுவும் என் படிவத்தில் இருக்கிறது. முதல் விதி. நான் எழுதியதுதான்.

சனிக்கிழமை கம்பம்மெட்டு வழியாக பஸ்ஸில் கம்பத்துக்கு இறங்கினேன். கையில் நல்ல செய்தி எதுவும் இல்லை. போகாமலும் இருக்க முடியவில்லை.

ஞானம்மா அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தார். ஒரு கொட்டகையில் உட்கார்ந்து திராட்சை தரம் பிரிக்கிற வேலை. அண்ணன் வீட்டின் பின்பக்கம் ஒற்றை அறை. வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

“ரோட்டுக்கு ஓடிருவான்னு மதினிக்குப் பயம் டீச்சர். நான் வர்ற வரைக்கும் உள்ளதான் இருப்பா.” சொல்லிக்கொண்டே தாழ்ப்பாளைத் திறந்தார்.

ஜெயா இளைத்திருந்தாள். சட்டைப் பட்டன்கள் மாறிப் போட்டிருந்தன. என்னைப் பார்த்ததும் ஒரு நொடி விழித்தாள். பிறகு சட்டென்று எழுந்து, ஆணியில் தொங்கிய பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். கிளம்பத் தயாராகிவிட்டாள்.

“டீச்சர் சும்மா பாக்க வந்துருக்காங்கம்மா. வேன் வரல,” என்றார் ஞானம்மா. ஜெயா பையைக் கழற்றவில்லை.

என்னால் தாங்க முடியவில்லை. அழுதேன். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன் — படிவம், இரவல் நாற்காலி, டி.வி., நான் எழுதிய வரிகள். மன்னிப்புக் கேட்டேன்.

ஞானம்மா முகத்தில் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. கண்டுபிடிக்கப்பட்டவரின் பயம்.

“தெரிஞ்சிருச்சா டீச்சர்?” என்றார் மெதுவாக. “அடுத்தவங்க பொருள வச்சு சபையாரை ஏமாத்திட்டேன். அந்தப் பொய்க்குத்தான் ஆண்டவர் எனக்கு வீடு தரல. தெனமும் மன்னிப்புக் கேட்டு ஜெபிச்சிட்டிருக்கேன்.”

இல்லை ஞானம்மா, இல்லை என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க என்ன செய்வீங்க டீச்சர்,” என்று எனக்கே ஆறுதல் சொன்னார். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவர்தான் அனுப்பியும் வைத்தார்.

நேரில் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. இதை யாராவது அவருக்குப் படித்துக் காட்டினால் போதும்: ஞானம்மா, அந்தப் படிவத்தின் அடியில் இருப்பது ஆண்டவர் கையெழுத்து இல்லை, என்னுடையது.