பத்து நொடியில் திறந்த கம்ப்யூட்டர்

பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸுக்கு வந்த புதிதில் எனக்கு வேகம் ஒன்றுதான் கணக்கு. அந்த வேகத்தால் ஒருவருடைய பயணமே நின்றுபோகப் பார்த்தது. இப்போது தொழிலுக்கு வருகிறவர்களுக்கு அதைச் சொல்லிவிடுகிறேன்.

பத்திர ஆபீசுக்கு எதிரே ஜெயராணி அக்கா டைப்பிங் சென்டர் வைத்திருந்தார். டைப்ரைட்டரில் பழகிய கை. அவருடைய கம்ப்யூட்டர் திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாவியைக் கொடுத்துவிட்டு அவர் சர்ச்சுக்குப் போனதும் நான் உட்கார்ந்தேன். பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருந்ததை எஸ்.எஸ்.டி. என்ற வேகமான புது டிஸ்க்குக்கு நகலெடுத்து மாட்டினேன். ஆன் செய்ததுமே தானாக ஓடும் ப்ரோகிராம்கள் பதினான்கு இருந்தன; பேர் தெரியாததையெல்லாம் தூக்கினேன். திரை முழுக்கச் சிதறிக் கிடந்த ஃபைல்களைப் பெயர் வரிசையில் அடுக்கினேன். பத்தே நொடியில் திறந்தது. என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

திங்கள் காலை பத்தரைக்கு போன். "தம்பி, ஓடியாங்க."

போனால், மேலப்பாளையம் பாய் ஒருவர் தன் தம்பியோடு உட்கார்ந்திருந்தார். இருவருக்கும் பாகப்பிரிவினைப் பத்திரம். பன்னிரண்டு மணிக்கு டோக்கன். தம்பிக்கு ராத்திரி திருவனந்தபுரத்தில் விமானம். இனி அவர் ஊருக்கு வர இரண்டு வருடம் ஆகும். பத்திரத்தில் கடைசி இரண்டு பக்கம் பாக்கி.

அக்கா ஒரு வரி அடித்துக் காட்டினார். திரையில் ஒரு எழுத்தும் தமிழாக இல்லை. டைப்ரைட்டர் முறையில் தமிழ் அடிக்கும் பழைய கீபோர்டு ப்ரோகிராமையும் நான் தூக்கியிருந்தேன்.

"வேற தமிழ் இருக்குக்கா. இங்கிலீஷ் எழுத்துல அம்மான்னு அடிச்சா தமிழ்ல வரும்," என்றேன்.

"இருவது வருசமா விரலுக்குத் தெரிஞ்ச எடத்தையெல்லாம் மாத்திட்டு, இப்ப இங்கிலீசுல அம்மா அடிக்கச் சொல்லுதியளோ? ஃபைலு இடது பக்கம் கெடந்தா இன்னைக்குப் பதியணும், வலது பக்கம்னா கையெழுத்து பாக்கி. அதையும் சேத்து அள்ளிட்டிய."

பாய் சிரிக்காமல் சொன்னார்: "கம்ப்யூட்டர் நல்லாத்தான் ஓடுது தம்பி. நாங்கதான் நிக்கோம்."

நல்லவேளை, பழைய டிஸ்க் என் ஸ்கூட்டர் டிக்கியில் கிடந்தது. அதையே திரும்ப மாட்டினேன். திறக்க ஐந்து நிமிடம். திறந்ததும் அக்கா விரல்கள் ஓடிய ஓட்டத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். பதினொன்று ஐம்பதுக்குப் பிரிண்ட் கையில். காகிதச் சூடு ஆறுமுன் பாயும் தம்பியும் ரோட்டைக் கடந்துவிட்டார்கள்.

மறுநாள் அக்கா வேலை பார்ப்பதை ஒரு மணி நேரம் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பிறகுதான் பழைய டிஸ்க்கை அப்படியே மறுபடி நகலெடுத்து எஸ்.எஸ்.டி.யை மாட்டினேன். பதினான்கில், தமிழ் கீபோர்டு உட்பட அக்காவுக்கு வேண்டிய மூன்றை விட்டுவைத்தேன். ஃபைல்களைத் தொடவில்லை. இருபது நொடியில் திறந்தது, அது போதும்.

கம்ப்யூட்டரின் வேகம் வேறு, அதில் வேலை பார்க்கிறவரின் வேகம் வேறு. அதனால் ஸ்க்ரூ டிரைவரை எடுக்குமுன், "நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க, நான் இங்கன இருக்கேன்" என்பேன். "ரிப்பேர் பாக்க வந்தியளா, வேடிக்கை பாக்க வந்தியளா?" என்று கேட்காத ஆள் குறைவு. ஜெயராணி அக்கா மட்டும் கேட்பதில்லை. நான் வருகிறேன் என்றாலே, தன் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுவிடுவார்.