மெல்லக் கற்போர்

திண்டிவனத்தில் பஸ் ஏறிய அந்தத் தலைமை ஆசிரியை, என் பக்கத்து சீட் காலியாக இருந்தும் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டார். மூக்கு நுனியில் கண்ணாடி, தோளில் கனத்த பை.

“உட்காருங்க டீச்சர்.”

“பரவால்லம்மா. விழுப்புரத்துல மீட்டிங். பத்தாவதுல ரிசல்ட் கொறஞ்ச எச்.எம்.முங்களை நிக்க வெச்சுத்தான் கேப்பாங்க. இப்பவே பழகிக்கினு போறேன்.”

அவர் சிரிக்கவில்லை. அதனால் நானும் சிரிக்கவில்லை.

“பசங்க படிக்கிறதில்லையா?”

“ஃபெயிலான பசங்களை ‘மெல்லக் கற்போர்’னு எழுதிக்கினு வரச் சொல்லியிருக்காங்க. அதுங்க காலையில மல்லாட்டைக் கொல்லையில கடலைச் செடி புடுங்கிப் போட்டுட்டு, பெல் அடிக்கறதுக்குள்ள ஓடியாந்துடுதுங்க. மெல்ல வர்றது கணக்கு டீச்சர்தான். போஸ்டிங் போடறோம்னாங்க. ரெண்டு வருஷமா வந்துக்கினே இருக்காங்க.”

கடைசிவரை அவர் உட்காரவில்லை. பக்கத்தில் ஒரு காலியிடத்தை வைத்துக்கொண்டே நானும் விழுப்புரம் போய்ச் சேர்ந்தேன்.