ஆளில்லாத கல்லறைக்கு ஒரு தேதி

எங்கள் குடும்பக் கல்லறைகளில் ஒன்றுக்குள் யாருமே இல்லை. அப்பாவின் தாத்தாவுக்காக எழுப்பியது அது. பிரெஞ்சுக்காரன் காலத்தில் போர்க்கப்பலில் கரி அள்ளிப்போடும் வேலைக்குக் காரைக்காலிலிருந்து போனவர். கப்பலோடு முழுகிப்போனார் என்று யாரோ வந்து சொன்னதை நம்பி, வெறும் மண்மேல் சிலுவை நட்டுவிட்டார்கள். வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு அதற்கும் வெள்ளையடித்து மெழுகுவத்தி ஏற்றுவோம்.

போன வருஷம் அப்பா ஒரே பிடிவாதம். எண்பத்துநாலு வயது.

"நான் நடமாட்டமா இருக்கறப்பவே அதுக்கு ஒரு பளிங்குக் கல்லு வச்சிடணும்மா. கப்பல் பேரு நம்ம சுவத்துல மாட்டியிருக்கற போட்டோவுல அவரு தொப்பி நாடாவுலயே இருக்கு. முழுகுன தேதிய மட்டும் பாத்துச் சொல்லு. எழுத்து வெட்டுறவரு காத்துக்கிட்டிருக்காரு."

பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளினவள் நான். தேதிதானே, ரெண்டு நிமிஷ வேலை என்று செல்போனை எடுத்தேன். கப்பலின் முழு வரலாறும் கிடைத்தது. குரூசர் என்ற போர்க்கப்பல் வகையில் இலகு ரகம். எங்கே கட்டினார்கள், எத்தனை கொதிகலன், எத்தனை புகைபோக்கி, எத்தனை பீரங்கி, எந்தெந்தக் கடலில் ரோந்து, எந்தத் துருப்புக் கப்பலுக்குக் காவல், எல்லாம் இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொதிகலனை எண்ணி எண்ணி எழுதின மகராசனுக்கு, அதற்குக் கரி போட்டவன் ஒருத்தன் பேரைக்கூட எழுதத் தோன்றவில்லையே! திட்டிக்கொண்டே கடைசி வரிக்கு வந்தேன். முழுகின தேதி அங்கே இல்லை. முதல் உலகப் போர் முடிந்து, பத்திரமாகத் துறைமுகம் திரும்பி, பிறகு பழைய இரும்புக்கு விற்றிருக்கிறார்கள்.

அதே பேரில் வேறு கப்பல் இருந்ததா என்று தேடினேன். அந்தக் காலத்தில் அது ஒன்றுதான்.

மூன்று நாள் நெட் வரவில்லை என்று புளுகினேன். நாலாம் நாள் எழுத்து வெட்டுகிறவர் வீட்டுக்கே வந்துவிட்டார். அவரை எப்படியோ அனுப்பிவிட்டு அப்பாவிடம் போனேன்.

"கப்பல் முழுகவே இல்லப்பா."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்துட்டேன்பா."

"அப்ப அவரு எங்க போனாரு?"

எந்த ஊரில் இறங்கினாரோ, காய்ச்சலில் செத்தாரோ, வேறொரு வீட்டில் வாழ்ந்தாரோ, யார் கண்டது? அப்பாவே பேச்சை எடுத்தார்.

"எங்கப்பா சாவுறவரைக்கும் அந்தக் கல்லறைக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்துனதில்ல, தெரியுமா? அவங்கப்பா உசுரோட வருவாருன்னுட்டு கடற்கரையில போயிப் போயி நிப்பாரு. கிழவனான அப்பறமும்தான். ஊரே சிரிச்சுச்சு. எனக்கு மானம் போச்சு. ஒருநா கையப் புடிச்சுத் தரதரன்னு இழுத்தாந்தேன். கப்பல் முழுகிப்போச்சு, ஒனக்குப் புத்தியுமா முழுகிப்போச்சுன்னு கத்துனேன். அதுக்கப்பறம் அவரு கடற்கரைப் பக்கமே போவல."

இது எனக்குத் தெரியாது. தாத்தா கடைசிக் காலத்தில் ஏன் யாரோடும் பேசாமல் இருந்தார் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

பளிங்குக் கல் வைக்கவில்லை. கல்லறைத் திருநாளன்று அப்பாவைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனேன். என் கையை உதறிவிட்டு, தன் அப்பாவின் கல்லறை முன்னால் போய் உட்கார்ந்தார். சுற்றிலும் சனம். கொஞ்சமும் கூச்சப்படாமல், காது மந்தமானவரிடம் பேசுவதுபோல உரக்கச் சொன்னார்.

"கப்பல் முழுகலப்பா. நீ போய் நின்னது சரிதான்."