அலெக்சாந்தரிடம் நான் தோற்றது

புலம்பெயர்ந்து வந்த நகரத்தில், வில்லரே என்ற பகுதியில் ஒரு கிரேக்க உணவகத்தில் இறைச்சி சுடுகிறவனாக வேலை செய்துகொண்டிருந்தபோதுதான் என்னை அரசனாக்கினார்கள். ராச்சியம் கிடைத்தது. அதைத் தோற்கவேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

உணவகத்தின் முதலாளி அறுபதைத் தாண்டியவர். பிறந்தது வட கிரேக்கத்தில். அலெக்சாந்தரும் அந்தப் பக்கத்தவன் என்பதால் அவனைத் தூரத்துச் சொந்தக்காரனைப்போலவே பேசுவார். வெங்காயம் அரியத் தொடங்கும்போது கதையும் தொடங்கும். தகப்பனை மெய்க்காவலன் ஒருவன் குத்திக் கொன்றது, இருபது வயதில் பட்டத்துக்கு வந்தது, பாரசீகத்தை வீழ்த்தியது, எகிப்தில் தன் பெயரில் நகரம் கட்டியது. கோழி ஊறி முடிவதற்குள் அவன் சிந்து நதியைக் கடந்துவிடுவான். குடிவெறியில் உற்ற நண்பனை ஈட்டியால் குத்திக் கொன்ற கதையை மட்டும் முதலாளி சொன்னதில்லை. நூலகத்தில் எடுத்த ஒரு புத்தகத்தில் அதை வாசித்துவிட்டு வந்து கேட்டேன்.

"குடும்பத்துக்குள் எல்லாம் நடக்கும்" என்றார்.

அவருடைய அக்கா, அவர்களின் தேவாலயத்தில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குக் கிரேக்கம் படிப்பிக்கிறவர். வருடாவருடம் தேவாலய மண்டபத்தில் ஒரு நாடகம் போடுவார். அந்த வருடம், அலெக்சாந்தர் பஞ்சாபில் போரஸ் என்ற அரசனை வென்ற கதை. அலெக்சாந்தராக முதலாளி. போரசுக்கு ஆள் தேடி அக்கா சமையலறைக்கே வந்துவிட்டார்.

"நீ இந்தியன்தானே?" என்று பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்து கேட்டார்.

"இல்லை, இலங்கை."

"கடைசி வரிசையிலிருந்து பார்த்தால் தெரியாது."

அசல் பஞ்சாபி ஒருவர் எங்களோடு இருந்தார், உருளைக்கிழங்கு சீவுகிறவர். அவரைத்தான் முதலில் கேட்டிருக்கிறார்கள். அந்தச் சண்டையில் வென்றவன் போரஸ், அலெக்சாந்தர் பயந்து திரும்பிப் போனான், கிரேக்கர்கள்தான் மாற்றி எழுதிவிட்டார்கள் என்று சொல்லி அவர் மறுத்துவிட்டார். தோற்பதற்கு ஆட்சேபம் இல்லாதவன் என்று நான் ஒருவன்தான் மிஞ்சினேன்.

வீட்டில் சொன்னபோது மனைவி சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"என்னப்பா, இவ்வளவு தூரம் வந்தும் கையைத் தூக்கிக்கொண்டு நிக்கப்போறியளோ?"

"நாடகந்தானே."

"அங்கையும் அப்பிடித்தான் சொன்னவங்கள், சும்மா விசாரணை எண்டு."

"பேந்து கதைப்பம்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன்.

முதல் ஒத்திகையில், போரசைக் கைதியாகக் கொண்டுவருகிற காட்சி. யாரும் சொல்லித்தராமலே கைகளைப் பிடரியில் கோத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் முழந்தாளில் இருந்தேன். அக்கா கையிலிருந்த தாளைக் கீழே வைத்தார்.

"இவ்வளவு இயல்பாக நடிக்க எங்கே படித்தாய்?"

"சோதனைச் சாவடியில்."

"அது நாடகப் பள்ளியா?"

"அரசாங்கம் நடத்தியது. இலவசம்."

அவர் தலையாட்டிக்கொண்டார். பிறகு, போரஸ் இப்படி இருக்கமாட்டான் என்றார். அவன் மிக உயரமானவன், காயப்பட்டும் நிமிர்ந்து நின்றவன், அதனால்தான் அலெக்சாந்தர் அவனை மதித்தான். முழந்தாளில் இருப்பது எனக்கு ஒரு நொடியில் வந்துவிட்டது. நிமிர்ந்து நின்று தோற்பதற்குத்தான் ஒன்றரை மாதம் எடுத்தது. ஒவ்வொரு ஒத்திகையிலும் அக்கா வந்து என் தாடையை இரண்டு விரலால் உயர்த்திவிட்டுப் போவார்.

நாடகத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. பிளாஸ்டிக் கவசத்துக்குள் வயிறு அடங்காமல் அலெக்சாந்தர் என் முன்னால் வந்து நின்று, "உன்னை எப்படி நடத்தவேண்டும்?" என்று கேட்டார். எனக்கு இருந்த ஒரே வசனம் அதற்கான பதில். "அரசனைப்போல" என்று கிரேக்கத்தில் பிசகாமல் சொன்னேன். அடுத்து ராச்சியத்தைத் திருப்பித் தரும் நீண்ட வசனம் அவருடையது. அது அவருக்கு மறந்துபோயிற்று. என்னை உற்றுப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் சமையலறைப் பிரெஞ்சில், "சரி, உன் நாட்டை நீயே வைத்துக்கொள்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். சனம் சிரித்த சிரிப்பில் ஒரு கேடயம் சரிந்து விழுந்தது.

வாசலில் பஞ்சாபி நண்பர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பார்த்தாயா? அவனுக்கு வாயே வரவில்லை. யார் வென்றது?"

பஸ்ஸில் வீடு நெருங்கும்போது மனைவி, "நிமிந்துதான் நிண்டனீங்கள்" என்றாள்.

அடுத்த வருடம், பாபிலோனில் காய்ச்சலில் நடந்த அலெக்சாந்தரின் மரணத்தைப் போடுவது என்று அக்கா முடிவு செய்தார். அவன் செத்தபின் தளபதிகள் ராச்சியத்தைப் பிய்த்துப் பங்குபோட்டதை அவர் எழுதவில்லை. எழுதினால் தேவாலய நிர்வாகத்தைக் குத்திக்காட்டுவதாகச் சொல்வார்களாம். சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. அந்தக் குளிர்காலத்தில் முதலாளியின் இருதயத்தில் அடைப்பு எடுத்திருந்தார்கள். மரணப் படுக்கையில் படுக்கமாட்டேன், அது அபசகுனம் என்று ஒரேயடியாக மறுத்தார்.

"சாவதற்கு இவனைப் போடு" என்று என்னைக் காட்டினார்.

அப்படித்தான் நான் அலெக்சாந்தரானேன். நிர்வாகத்தில் இரண்டு பேர் என் நிறத்தைப் பற்றி முணுமுணுத்தார்கள். "பாபிலோன் வெயில். அதோடு காய்ச்சல்" என்று அக்கா அந்தப் பேச்சை முடித்துவைத்தார். செத்தபோது அவனுக்கு வயது முப்பத்திரண்டு. எனக்கு ஐம்பத்தாறு. அதைப்பற்றி ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

கடைசிக் காட்சியில் பேச்சிழந்த அரசனைப் படைவீரர்கள் வரிசையாக வந்து பார்த்துப் போவார்கள். நான் தலையை மெல்ல அசைத்து, கண்ணால் விடைகொடுக்கவேண்டும். பக்கத்துப் பகுதியான பார்க் எக்ஸ்டென்ஷனில் வாழ்ந்து, வேலையிலிருந்து ஓய்வுபெற்ற கிரேக்கக் கிழவர்கள்தான் வீரர்கள். ஊன்றுகோலோடு வந்தவருக்கு அதையே ஈட்டியாகக் கொடுத்திருந்தார்கள். பேசாமல் கடந்து போகவேண்டியவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து என் காதில் கிரேக்கத்தில் எதையோ சொன்னார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தலையை அசைத்தேன். ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு உண்மையாகவே அழுதார். அவர் யாருக்கு விடைகொடுத்தார் என்று எனக்குத் தெரியாது, ஆனால் அவர் விடும்வரை நானும் கையை விடவில்லை.

பிறகு முதலாளி வந்தார். இம்முறை சாதாரண வீரன், வசனம் இல்லை. அவருடைய கண்ணும் நனைந்திருந்தது. குனிந்து, சமையலறைப் பிரெஞ்சில் மெதுவாகச் சொன்னார்:

"அவசரப்படாதே. பின்னால் இன்னும் ஆட்கள் நிற்கிறார்கள்."

நான் இன்னும் கொஞ்ச நேரம் உயிரோடு இருந்தேன்.